கனடாக் கான் ஒயில்: கழுவினதோ, காய்ச்சினதோ?

விசுவமடு வண்டில் எழுதியது:

வணக்கம் அண்ணையாக்கள். ஒயில் விசயம் தெரிஞ்ச ஆரும் ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ.

சித்தப்பா கனடாவில இருந்து கப்பலில பெட்டி போட்டவர். போன கிழமைதான் வந்து சேர்ந்தது. வழக்கம்போல சவுக்காரம், பற்பசை, சொக்லேட், வீட்டில ஒருத்தற்ற காலுக்கும் கொள்ளாத சப்பாத்து. அதுகளுக்கு நடுவில பெரிய துவாயால சுத்தி ரெண்டு கான் எஞ்சின் ஒயில். துவாயை அம்மா உடன எடுத்திட்டா. ஒயில் என்ர தலையில விடிஞ்சிருக்கு.

ரெண்டு கானிலயும் 4.73 லீற்றர் எண்டு போட்டிருக்கு. அது என்ன கணக்கோ. ரெண்டிலயும் 5டபிள்யூ-30, ஏபிஐ எஸ்பி. ஒண்டில 'சிந்தெற்றிக் பிளெண்ட்' எண்டு இருக்கு. மற்றதில 'றீ-றிஃபைண்ட்' எண்டு எழுதி ஒரு பச்சை இலையும் கீறியிருக்கு.

என்னட்ட இருக்கிறது மூண்டு எஞ்சின். 80,000 கிலோமீற்றர் தாண்டின பஜாஜ் சிடி 100. மிளகாய்த் தோட்டத்துக்கு இறைக்கிற ஹொண்டா பெற்றோல் பம்ப். அப்பாவின்ர லாண்ட்மாஸ்ரர், ரெண்டு சில்லு உழவு மெசின், அது டீசல்.

சனிக்கிழமை பைக்குக்கு ஒயில் மாத்துற நாள். இலை கீறின கானைத் தூக்கிக்கொண்டு பரந்தன் றோட்டில வழக்கமாய்ப் போற கராஜுக்குப் போனன். அவர் மூடியைத் திறந்து மணந்து பாத்தார், எழுத்தை வாசிச்சார், சிரிச்சார். "தம்பி, வெள்ளைக்காரன் கழிவு ஒயிலைக் கழுவி உங்களுக்கு அனுப்பியிருக்கிறான்" எண்டார். பிறகு தன்ர தட்டில இருந்து ஒரு போத்திலை எடுத்து விட்டிட்டுக் காசை வாங்கினார். அவர் சொன்னது தொழிலோ வியாபாரமோ எண்டு வீடு வரைக்கும் யோசிச்சுக்கொண்டு வந்தன்.

கேள்வி இதுதான். சாதாரண ஒயில், பிளெண்ட், இந்தக் கழுவின ஒயில் எண்டு மூண்டுக்கும் உண்மையில என்ன வித்தியாசம்? கிட்டத்தட்ட ஒம்பதரை லீற்றர் கிடக்கு. எதுக்கு விடலாம், எதுக்கு விடக்கூடாது? சித்தப்பா ஒவ்வொரு ஞாயிறும் எடுத்து "விட்டாச்சோ, எப்படி ஓடுது" எண்டு கேக்கிறார். ஒரு பதில் சொல்லவேணும்.


ஒட்டுசுட்டான் ஓட்டோ எழுதியது:

இங்கால அனுப்பிவிடும், நான் விடுறன். என்ர ஓட்டோவுக்கு நான் ஒயில் மாத்திறதே இல்லை. குறையக் குறைய ஊத்திறனான். மூண்டு வருசம் ஓடுது, ஒரு குறையும் இல்லை. ஒயில் எண்டால் ஒயில்தான், உதுக்கு என்ன ஆராய்ச்சி?


கரடிப்போக்கு எழுதியது:

ஒட்டுசுட்டான், நீர் கெதியில என்ர கராஜுக்கு வருவீர். இடம் ஒதுக்கி வைக்கிறன்.

விசுவமடுத் தம்பி, உன்ர மெக்கானிக்கைப் பேசாதை. 'கழுவின ஒயில்' எண்டு அவர் சொன்னதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு. அது என்ர கதையும்தான்.

நான் 1997இல மல்லாவியில ஒரு கராஜில தொழில் பழகினனான். பதினைஞ்சு வயது. கிளிநொச்சி இடம்பெயர்ந்துபோய், மல்லாவிதான் சனத்துக்கு ரவுணாய் இருந்த காலம். யுத்தகாலப் பொருளாதாரத் தடை. பெற்றோலைப் போத்தில் கணக்கில வாங்கிறது, அதுவும் கிடைச்சால். எம்டி 90 பைக் எல்லாம் மண்ணெண்ணெயில ஓடினது. ஸ்ராட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல், சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய். ஆனால் மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரி லேசில ஆவியாகாது. எரியாமல் மிஞ்சினது சிலிண்டர் சுவரால வழிஞ்சு, பிஸ்ரன் ரிங்கைத் தாண்டி, அடியில ஒயிலுக்குள்ள போய்ச் சேரும். ஒயில் அளவு பாக்கிற குச்சியை இழுத்துப் பாத்தால் குறைய வேண்டிய ஒயில் கூடியிருக்கும். பைக்காரர் "ஒயிலே குடிக்காத எஞ்சின்" எண்டு பெருமைப்படுவினம். முதலாளி குச்சியை மூக்குக்குக் கிட்டப் பிடிச்சிட்டு, "தம்பி, உதில விளக்குக் கொளுத்தலாம்" எண்டுவார்.

புது ஒயில் காணக்கிடையாது. கழட்டின ஒயிலைத் தகரப் பீப்பாவில ஊத்தி ஒரு மாதம் அடைய விடுவம். பிறகு மேலால அள்ளி, நாலாய் மடிச்ச பழைய சாரத்தால வடிக்கிறது. வடிக்கிறது என்ர வேலை. கறுப்பாய்ப் போகும், கறுப்பாய்த்தான் வரும். எத்தினை நாள் விட்டாலும் அந்தக் கறுப்பு அடையாது. ஏன் அடையாது எண்டு முதலாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கன வருசத்துக்குப் பிறகுதான் விளங்கினது. எஞ்சின் ஒயிலுக்குள்ள சவுக்காரம் போல ஒரு மருந்து கலந்திருக்கு. கரியைக் கட்டிபட விடாமல் பிடிச்சு மிதக்க வைக்கிறதுதான் அதின்ர வேலை. அந்தக் கரித்துணிக்கை ஒரு மைக்ரோனுக்கும் சின்னன். சாரத்தின்ர கண் அதுக்குப் படலை திறந்து விட்ட மாதிரி. தண்ணியையும் மண்ணெண்ணெயையும் அமிலத்தையும் எந்தச் சாரமும் மறிக்காது. அந்த ஒயிலை விட்டுத்தான் வன்னி ஓடினது. ஓடினது உண்மை. எத்தினை கிராங்க், எத்தினை பிஸ்ரன் போனது எண்டு கழட்டிப் பூட்டின எனக்குத்தான் தெரியும்.

உன்ர மெக்கானிக் 'றீ-றிஃபைண்ட்' எண்டு வாசிச்சவுடன அவற்ற கண்ணுக்கு முன்னால வந்து நிண்டது அந்தச் சாரம். கானுக்குள்ள இருக்கிறது வேற.

கசிப்பு, அதுதான் கள்ளச்சாராயம், காய்ச்சிறதைப் பாத்த ஆக்கள் இருப்பியள் (பாத்தனான் எண்டு இங்க எழுதவேண்டாம்). கோடாவை, அந்தப் புளிச்ச ஊறலை, துணியால வடிச்சுக் குடிக்கிறதும், அதைக் காய்ச்சி ஆவியைக் குளிரப்பண்ணி எடுக்கிறதும் ஒண்டோ? அந்த வித்தியாசம்தான் இங்கயும். பழைய ஒயிலை முதல் சூடாக்க, தண்ணியும் பெற்றோலும் ஆவியாய்ப் போயிடும். பிறகு காத்தை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள்ள வைச்சு ஒயிலையே ஆவியாக்குகினம். காத்தழுத்தம் குறைஞ்சால் கொதிக்கிற சூடும் இறங்கும். அப்படிச் செய்யாட்டி, கொதிக்க முதலே ஒயில் உடைஞ்சு பழுதாயிடும். கரி, இரும்புத்தூள், செத்துப்போன பழைய மருந்து எல்லாம் அடியில தார் மாதிரித் தங்கிடும். மேல வந்த ஒயிலைக் குளிரப்பண்ணி, ஐதரசன் வாயுவோட அழுத்தத்தில விட்டுக் கந்தகத்தையும் நிறத்தையும் எடுக்கினம். வாறது தெளிஞ்ச ஒயில். அதுக்குள்ள புதுசாய் மருந்து கலந்து அடைக்கினம். ஒயில் சூட்டில கொஞ்சம் கெட்டுப்போகும்தான், ஆனால் பெரும்பகுதி ஊத்தையாகிறதும் மருந்து முடியிறதும்தான் நடக்குது. ஊத்தையைச் சரியாய் எடுத்தால் பழையபடி ஒயில்தான்.

சாதாரண ஒயில் எண்டது, கடையில 'மினரல்' எண்டு கேப்பியளே, மசகு எண்ணெயில, அதாவது நிலத்துக்குக் கீழ இருந்து எடுக்கிற கச்சா எண்ணெயில இருந்து நேராய்ப் பிரிச்சுத் துப்பரவாக்கினது. சிந்தெற்றிக் எண்டது கூடின வேலை செய்து ஒரே சீராய் எடுத்தது. சூட்டில கெதியாய்க் கெடாது, குளிரில தடிக்காது, விலையும் கூட. பிளெண்ட் எண்டால் ரெண்டையும் கலந்தது. எத்தினை பங்கு கலக்கவேணும் எண்டு கட்டாயம் ஒண்டும் இல்லை. பால்தேத்தண்ணியில எவ்வளவு பால் எண்டு கேக்கிற மாதிரி, கடைக்குக் கடை மாறும்.

இனி உன்ர மூண்டு எஞ்சினுக்கு வருவம்.

பைக்குக்கு ரெண்டு கானும் வேண்டாம். கழுவினது காய்ச்சினது எண்ட காரணமில்லை. பைக்கில கிளச் தட்டு ஒயிலுக்குள்ளதான் கிடக்கு. கியர் மாத்திற காரில அது வெளியில காய்ஞ்சபடி இருக்கும். பெற்றோலை மிச்சம்பிடிக்க எண்டு கார் ஒயிலுக்கு வழுக்கு மருந்து கூடப் போடுவினம். கானின்ர பின்பக்கத்தில வட்டமாய் ஒரு முத்திரை இருக்கும், பார். ஏபிஐ எண்ட அமெரிக்கப் பெற்றோலியக் கழகத்தின்ர தர முத்திரை. மேல்பாதியில ஏபிஐ எஸ்பி, நடுவில 5டபிள்யூ-30, கீழ்ப்பாதியில 'றிசோர்ஸ் கொன்சேவிங்', அதுதான் மிச்சம்பிடிக்கிற ஒயில் எண்ட குறி. கீழ்ப்பாதியில அந்த எழுத்து இருந்தால் பைக்குக்குக் கிட்டவும் கொண்டுபோகாதை. கிளச் வழுக்கும். எஞ்சின் கத்தும், சில்லு சுத்தாது. முறிகண்டிப் பிள்ளையாரடியில நிப்பாட்டித் தேங்காய் உடைச்சாலும் இழுக்காது. பைக்குக்கு 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' எண்டு போட்டிருக்கவேணும். ஜப்பான்காரர் இந்தக் கிளச்சுக்காகவே 1998இல கொண்டுவந்த தரம் அது. உன்ர சிடி 100க்குக் கொம்பனி சொன்னது 20டபிள்யூ-50. டபிள்யூ எண்டது குளிர்காலம். முன் இலக்கம் குளிரில எப்படி ஓடும் எண்டதுக்கு, பின் இலக்கம் 100 பாகைச் சூட்டில எவ்வளவு தடிப்பு நிக்கும் எண்டதுக்கு. எங்கட மார்கழிப் பனிக்கு முன் இலக்கம் 20 தாராளமாய்க் காணும்.

பம்புக்கு விடலாம். ஹொண்டாக்காரர் 10டபிள்யூ-30 சொல்லுகினம். சூட்டில உன்ர கானும் அதே 30தான். கிளச் இல்லாதபடியால் வழுக்கிற பயமும் இல்லை. ஆனால் சித்திரை வெய்யிலில ஒரே இழுவையாய் நாலு மணித்தியாலம் இறைச்சால் ஒயில் கொஞ்சம் கூடக் குடிக்கும். கொள்ளுறதே அரை லீற்றரும் சொச்சமும். காலமை இழுக்க முதல் மூடியைக் கழட்டிப் பார். மாத்திற கணக்கு 100 மணித்தியாலம் அல்லது 6 மாதம். மிளகாய் காய்க்கிற நேரம் 100 மணித்தியாலம் ஒரு மாதத்தில வந்திடும், அதை மறந்திடுவியள்.

லாண்ட்மாஸ்ரருக்கு விடாதை. ஏபிஐக்குப் பின்னால எஸ் எழுத்தில தொடங்கினால் பெற்றோலுக்கு, சி எழுத்தில தொடங்கினால் டீசலுக்கு. ரெண்டும் போட்ட ஒயிலும் இருக்கு, உன்ர கானில எஸ்பி மட்டும்தான் சொன்னனி. டீசல் எஞ்சின் கரியைக் கக்கிறது. அதைச் சுமக்கிற மருந்து வேற. அப்பா வழக்கமாய் விடுற 15டபிள்யூ-40 சிஎஃப்-4 அல்லது சிஐ-4 அப்பிடியே இருக்கட்டும்.

பயப்பிட வேண்டிய ஒயில் கனடாவில இருந்து வாறேல்லை. போன வருசம் உருத்திரபுரம் பக்கம் இருந்து ஒரு ஓட்டோவைக் கயித்தில கட்டி இழுத்துக்கொண்டு வந்தவை. எஞ்சின் இறுகிப்போச்சு. ஒயில் மாத்தி 600 கிலோமீற்றர்கூட ஓடேல்லை. விட்டது பேர்போன கொம்பனிக் கான். பேர் சொல்லமாட்டன், கொம்பனியில பிழையில்லை. பொடியன் மிச்ச ஒயிலோட கானைக் கொண்டு வந்தவன். மூடிக்குக் கீழ இருக்கிற வளையம் அறுந்து, பசையால ஒட்டியிருந்தது. நகத்தால சுரண்ட வெள்ளைப் பொருக்காய்க் கழண்டது. ஒயிலை ரெண்டு விரலுக்கு நடுவில வைச்சு உரசினன். நூல் இழுக்கேல்லை, தண்ணியாய் விட்டுது. மணந்தால் மண்ணெண்ணெய். எனக்கு மல்லாவியும் அந்தச் சாரமும் ஞாபகம் வந்திட்டுது. ஆரோ ஒருத்தன் இன்னும் வடிச்சுக்கொண்டுதான் இருக்கிறான், இப்ப அதைப் புதுக்கானில அடைக்கிறான். அண்டையில இருந்து என்ர கராஜில வெறும் கானை ரெண்டு பக்கமும் கத்தியால குத்தாமல் வெளியில விடுறேல்லை. பழைய போத்தில் எடுக்கிறவர் "அண்ணை, குத்தினால் அரை விலை" எண்டுவார். அரை விலைக்கே குடுக்கிறன்.


ஸ்காபரோக் குளிர் எழுதியது:

கரடிப்போக்கு அண்ணை சொன்னதில நான் மாத்த ஒண்டும் இல்லை. நான் இங்க ஒயில் மாத்திற கடையில பதினொரு வருசம். ரெண்டு மூண்டு விசயம் சேர்க்கிறன்.

4.73 லீற்றர் எண்டது அஞ்சு குவாட். அமெரிக்கக் கணக்கு, ஒரு சின்னக் காருக்கு ஒருமுறை விட அளவான கான். உங்கட சித்தப்பா கடையில மலிவு விலை போட்ட அண்டைக்கு வாங்கியிருப்பார், நானும் அப்பிடித்தான். எங்களுக்கு இங்க தை மாதம் சைபருக்குக் கீழ 20 பாகை போகும். அதுதான் 5டபிள்யூ, 0டபிள்யூ எண்டு விடுறம். பைக்குக் கிளச் ஒயிலுக்குள்ள நனைஞ்சு கிடக்கிறது இங்க கார் மட்டும் ஓடுற ஆக்களுக்கு ஞாபகம் வராது. சித்தப்பாவில கோவிக்காதைங்கோ.

மீள்சுத்திகரிச்ச ஒயில் இங்க புதினமில்லை. ஒன்ராறியோவில கிச்சினருக்குக் கிட்ட பிறெஸ்லோ எண்ட ஊரில இதுக்கெண்டு பெரிய ஆலையே இருக்கு. நாங்கள் கடையில வடிக்கிற பழைய ஒயிலை வண்டி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். அமெரிக்காவில 1993இல, கிளின்ரன் சனாதிபதியாய் இருக்கேக்க, மத்திய அரச திணைக்களங்கள் இந்த ஒயிலை வாங்கவேணும் எண்டு கட்டளை போட்டவை. கானில ஏபிஐ முத்திரை இருந்தால் புது ஒயில் தாண்டின அதே சோதனையைத்தான் அதுவும் தாண்டியிருக்கவேணும். கழுவினதுக்கெண்டு தனிச் சோதனை, சலுகைப் புள்ளி ஒண்டும் இல்லை. எஸ்பி எண்டது 2020இல வந்த தரம்.

அமெரிக்கச் சுற்றாடல் முகவரகத்தின்ர கணக்கு ஒண்டு எனக்கு மனசில நிக்குது. ஒரு கலன், அதாவது 3.8 லீற்றர் பழைய ஒயிலில இருந்து 2.4 லீற்றர் புது ஒயில் எடுக்கலாம். அதே 2.4 லீற்றரை மசகு எண்ணெயில இருந்து எடுக்கிறதெண்டால் 42 கலன் வேணும். 159 லீற்றர், சரியாய் ஒரு பரல்.

இங்கயும் சில பேர் இலை கீறின கானைக் கண்டால் உங்கட மெக்கானிக் மாதிரித்தான் மூஞ்சையைச் சுழிப்பினம். ஆனால் அதே ஆக்கள் 'சிந்தெற்றிக்' எண்டு பெரிய எழுத்தைக் கண்டால் கேள்வி கேக்கமாட்டினம். அந்தச் சொல்லும் அவ்வளவு சுத்தமில்லை. மசகு எண்ணெயையே கடுமையாய்ச் சுத்திகரிச்சு எடுத்ததையும் சிந்தெற்றிக் எண்டு விக்கலாமோ எண்டு ரெண்டு பெரிய கொம்பனிகள் அமெரிக்காவில விளம்பர விசாரணைச் சபைக்குப் போய், 1999இல விக்கலாம் எண்டு முடிஞ்சது. அண்ணை சொன்னதுதான், பேரைப் பாக்காமல் வட்ட முத்திரையைப் பாருங்கோ.


விசுவமடு வண்டில் எழுதியது:

ரெண்டு அண்ணைமாருக்கும் நன்றி. வட்டத்தைப் பாத்தன். கீழ்ப்பாதியில அந்த எழுத்து இருக்கு, ரெண்டு கானிலயும். நல்ல வேளை விடேல்லை.

இலைக் கானை பம்புக்கு வைக்கிறன். பிளெண்ட் கானைப் பெரியம்மாவின்ர மருமகனிட்டக் குடுக்கலாம் எண்டு பாக்கிறன். அவற்ற கார்ப் புத்தகத்தில 5டபிள்யூ-30 எண்டு இருக்காம்.

இன்னும் ரெண்டு கேள்வி. அப்பா கழட்டின ஒயிலைக் கறையானுக்கு வேலிக் கட்டைக்குப் பூசுறவர். பிழையோ? மற்றது, சனிக்கிழமை அந்தக் கராஜில விட்ட ஒயில் எனக்கு மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு. கரடிப்போக்கு அண்ணையின்ர கதையை வாசிச்சாப் பிறகு இன்னும் கூட. கான் என்னட்ட இல்லை. நல்லதோ கெட்டதோ எண்டு எப்பிடிப் பாக்கிறது?


ஒட்டுசுட்டான் ஓட்டோ எழுதியது:

கரடிப்போக்கு அண்ணை, ஒயிலும் ஃபில்டரும் மாத்த எவ்வளவு எடுப்பியள்? சும்மா கேட்டனான்.


கரடிப்போக்கு எழுதியது:

ஒட்டுசுட்டான், வாரும். கதைப்பம்.

தம்பி, கட்டைக்குப் பூசுறதை எங்கட ஊரில நிப்பாட்ட ஏலாது. என்ர அப்பரும் பூசினவர். கிணத்தடியிலயும் வாய்க்கால் கரையிலயும் உள்ள கட்டைக்குப் பூசவேண்டாம் எண்டு மட்டும் சொல்லு. மாரி மழைக்கு அது இறங்கி எங்க போகும் எண்டு உனக்குத் தெரியும். மிச்சத்தை மூடி உள்ள கானில விட்டு வை, எங்களிட்ட மாதத்துக்கு ஒருக்கா பரலோட வந்து எடுக்கினம். பழைய ஒயிலோட தண்ணியையோ தின்னரையோ கலந்து தராதை.

ஒயிலைப் பாக்க ஒரு வழி இருக்கு. பைக்கை ஒரு பத்து நிமிசம் ஓடிச் சூடாக்கு. குச்சியை எடுத்து ஒரு துளி, ஒரே ஒரு துளி, கடுதாசியில விடு. மினுக்கம் உள்ள தாள் வேண்டாம், உறிஞ்சாது. பழைய கலண்டரின்ர பின்பக்கம் அல்லது தேத்தண்ணிக் கடையில தாற மெல்லிய கடுதாசி நல்லம். நிலத்தில படாமல் ரெண்டு கிளாசுக்கு மேல வைச்சு ஒரு இரவு விடு. காலமை என்ன நிறம், எத்தினை வளையம் எண்டு எழுது.


விசுவமடு வண்டில் எழுதியது:

செய்தன். நடுவில கறுப்பு, ஒரு ரூபாய்க் குத்தியளவு. அதின்ர ஓரம் பேனையால கீறின மாதிரிக் கூராய் நிக்குது. அதைச் சுத்தி மண்ணிறம் கொஞ்சம்தான். வெளியில அகலமாய் எண்ணெய் ஊறின வெளிர் வளையம். மணந்து பாத்தன். எனக்குத் தெரியேல்லை, அப்பாட்டக் குடுத்தன். அவர் "மண்ணெண்ணெய் எங்க ஊத்தினனி?" எண்டு கேட்டார்.


கரடிப்போக்கு எழுதியது:

நல்ல ஒயில் எண்டால் கறுப்பு ஓரமில்லாமல் வெளிய வெளியப் பரவி மங்கிக்கொண்டு போகும். கூராய் நிண்டால் கரியைச் சுமக்கிற மருந்து இல்லை எண்டு அர்த்தம். வெளிர் வளையம் எரிபொருள். பழைய பைக், உன்ர ரிங்கால பெற்றோலும் வழிஞ்சிருக்கலாம், அதால அந்த மெக்கானிக்கோட சண்டைக்குப் போகாதை. அவரும் எங்கயோ ஏமாந்து வாங்கியிருப்பார். ஆனால் ஒரு கிழமை ஓடின ஒயில் இப்பிடி இருக்கக்கூடாது.

பைக்கை இனி ஸ்ராட் பண்ணவேண்டாம். கிளிநொச்சி வாற ஆரிட்டையும் சொல்லி 20டபிள்யூ-50 எம்ஏ ஒரு லீற்றர் எடுப்பி, மூடி வளையத்தை நீயே முறிச்சுத் திற. வடிக்கேக்க அடி நட்டின்ர வோசரைத் துலைச்சுப்போடாதை. வெறும் கானைக் குத்து.